வளையத் தெரிந்த கம்பி



ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு டேங்க்கின் மேல் உதிராமல் இருக்கும்போதே இந்த இதழ் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் பூஜை, தீபாவளிப் பருவத்தில் எங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்தால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: “புது வண்டி எடுத்திருக்கிறேன். என்ன லெக் கார்டு போடலாம்?” சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய கையோடு வண்டி நேராக ஆக்சஸரீஸ் கடைக்குப் போவது நம் ஊர் வழக்கம். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. மற்ற ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டி எப்படியும் நாலு கடை இருக்கும்.

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றை எழுதியவர் ஒரு தாத்தா. கல்லூரியில் சேர்ந்திருக்கும் பேரனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். “பையன் எங்கேயாவது விழுந்து வைத்தால் காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இருப்பதிலேயே கனமான கம்பியாகப் பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறார். பாசம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு வரிக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. லெக் கார்டு காலைக் காப்பாற்றும் என்பது ஒன்று. கம்பி கனமாக இருந்தால் நல்லது என்பது இன்னொன்று. ஐயா, இந்தப் பக்கம் முழுக்க உங்களுக்கான பதில்தான். மற்றவர்களும் கூட உட்கார்ந்து கேட்கட்டும்.

முதலில் காலைப் பார்ப்போம். அமெரிக்காவில், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் இருந்தார். 1970களின் பிற்பாதியில் அவரும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்த இடங்களுக்கே போய், 900 விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். அதற்கு மேல் 3,600 விபத்துகளின் போலீஸ் அறிக்கைகளையும் படித்தார்கள். 1981இல் வெளியான அந்த அறிக்கையைத்தான் வண்டி உலகம் இன்றும் ‘ஹர்ட் ரிப்போர்ட்’ என்று சொல்கிறது. அதில் கிராஷ் பார், அதாவது நம் லெக் கார்டு, பற்றியும் ஒரு முடிவு உண்டு. கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது; ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகிய இடங்களில் காயம் கூடி அந்த லாபத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. கூட்டிக் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வண்டி எதன் மீதாவது மோதி நின்றாலும் ஓட்டுபவரின் உடம்பு உடனே நிற்பதில்லை. வந்த வேகத்திலேயே முன்னால் போகிறது. ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து கால் வழுக்கினால் முழங்காலுக்கு நேர் எதிரே இருப்பது அந்தக் கம்பிதான். பக்கவாட்டில் கார் இடித்தாலோ, அதே கம்பி பின்னால் மடங்கி வந்து காலை எஞ்சினோடு சேர்த்து அழுத்தவும் கூடும்.

பிரிட்டன்காரர்கள் இதை அப்படியே விடவில்லை. அங்கே அரசின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடம் 1980களில் கால் காப்புக் கவசங்களை வடிவமைத்துச் சோதித்து, வண்டிகளில் அதைக் கட்டாயமாக்கலாம் என்று சொல்லும் அளவுக்குப் போனது. வண்டித் தயாரிப்பாளர்கள் தரப்பு தங்கள் சோதனைகளைக் காட்டி, கால் தப்பினாலும் உடம்பு வேறு விதமாகத் தூக்கி எறியப்பட்டுத் தலைக்கு ஆபத்து கூடும் என்று வாதாடியது. இரண்டு பக்கமும் பொம்மையை உட்கார வைத்துத்தான் மோதிப் பார்த்தார்கள். ஆனால் பொம்மையும் வேறு, மோதிய விதமும் வேறு, முடிவும் வேறு. சட்டம் வரவில்லை. அந்தச் சண்டையில் விளைந்த உருப்படியான ஒன்று, மோட்டார் சைக்கிள் மோதலை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு 1996இல் வந்த ஐஎஸ்ஓ 13232 என்ற உலகத் தரநிலை. லெக் கார்டு காலைக் காக்கும் என்று கடைக்காரர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற விஷயத்தில், பொறியாளர்கள் இத்தனை வருடம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் லெக் கார்டே வேண்டாமா? வேண்டும். நானே போடச் சொல்வேன். அது காப்பாற்றுவது வண்டியை. கூடவே உங்கள் பர்ஸை. இதைத் தெரிந்துகொண்டு போட்டால் போதும்.

வண்டிகள் பெரும்பாலும் எப்படி விழுகின்றன என்று நினைத்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்டு மண்ணில் புதைந்து சாயும். பெட்ரோல் பங்க்கில் சிந்திய டீசலில் கால் வைத்தால் கால் வழுக்கும். யூ டர்ன் அடிக்கும்போது பாதியில் ஆஃப் ஆகி, தாங்க முடியாமல் படுக்கப் போடுவோம். இந்த மாதிரி விழுகைக்குத்தான் லெக் கார்டு பிறந்தது. கம்பி இல்லாவிட்டால் வலது பக்கம் கிளட்ச் கவர், இடது பக்கம் மேக்னட் கவர், கியர் லீவர், பிரேக் பெடல், இண்டிகேட்டர், டேங்க் என்று வரிசையாக அடி வாங்கும். கிளட்ச் கவரில் ஒரு விரிசல் விழுந்தால் ஆயில் முழுக்கத் தரையில். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒழுகிப் பின் டயரில் பட்டால் அடுத்த விழுகைக்கும் ஏற்பாடாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. நின்ற இடத்தில் அது சாய்ந்து விழும்போது தரையில் மோதும் ஆற்றலோடு, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வண்டியிடம் இருக்கும் ஆற்றலை ஒப்பிட்டால், தோராயமாகப் பார்த்தாலே 40 மடங்குக்கு மேல் வரும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான். நாலு போல்ட்டில் நிற்கும் ஒரு குழாய், முதல் வகை விழுகையைத் தாங்கும். இரண்டாவதைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது அந்தக் குழாய்க்கே நியாயம் இல்லை.

இனி கனத்துக்கு வருவோம். தாத்தா கேட்டது இதைத்தான். எனக்கும் இதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

விழுந்த வண்டியை நல்ல மெக்கானிக் பார்க்கும் விதத்தை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று கவனியுங்கள். வளைந்து கிடக்கும் லெக் கார்டை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். வண்டிக்கு முன்னால் நின்று, முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டில் பாரைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார். ஃபோர்க் பெண்டா, ஹேண்டில் பெண்டா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்து குனிந்து, லெக் கார்டு சேஸில் சேரும் இடத்தைத் துணியால் துடைப்பார். அங்கே கம்பியைப் பிடித்திருக்கும் பட்டையைச் சுற்றிப் பெயின்ட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் ஓடியிருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்ப்பார். பெயின்ட் வளையாது, அடியில் இரும்பு அசைந்திருந்தால் மேலே அதுதான் முதலில் வெடிக்கும். ஒரு மழை நனைந்தால் அந்தக் கீறலிலிருந்து செம்மஞ்சள் கோடு ஒன்று கீழே வழியும். அது தெரிந்துவிட்டால் மெக்கானிக் முகம் மாறிவிடும். லெக் கார்டை மாற்ற ஒரு மணி நேரம் போதும். சேஸ் விரிசல் விட்டால் அது வேறு கதை. வண்டியின் எண்ணே அதன் மீதுதான் இருக்கிறது.

கம்பி முரட்டுத்தனமாக இருந்தால் இதுதான் நடக்கும். கம்பி வளையாது. வளையாத கம்பி, வாங்கிய அடியை அப்படியே சேஸுக்கு அனுப்பிவிடும். எவ்வளவு அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு நெம்புகோல் போல அடியைப் பெருக்கியும் அனுப்பும். ஆகவே லெக் கார்டு சேஸை விட ஒரு படி இளைத்ததாகத்தான் இருக்க வேண்டும். முதலில் சாக வேண்டியது அதுதான். சின்ன விழுகையில் கீறலோடு நிற்க வேண்டும், பெரிய விழுகையில் வளைந்து கொடுக்க வேண்டும். வளைந்தும்கூட எஞ்சின் கவரைத் தொடாத அளவுக்கு உள்ளே இடம் இருக்க வேண்டும். காராக இருந்தாலும் கதை இதுதான். முன்னால் மாட்டும் முரட்டு புல் பார், நசுங்கி அடியை உள்வாங்க வேண்டிய முன் பகுதியின் வேலையைக் கெடுக்கிறது, ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பக்கூடும், நடந்து போகிறவருக்கும் ஆபத்து. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு விரோதமானது என்று மாநிலங்களுக்கு எழுதியது.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரே போல்ட்டில் தொங்கும் கம்பி வேண்டாம். மேலும் கீழும் இரண்டு இடத்திலாவது சேஸைப் பிடித்திருக்க வேண்டும். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். பட்டறையில் கொடுத்து, துளை சேரவில்லை என்று சேஸிலேயே வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, கறுப்புப் பவுடர் கோட்டிங்கா என்பது உங்கள் ரசனை. நான் கறுப்புக் கட்சி.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. கொத்தனார் நூல் பிடிப்பது போல, லெக் கார்டின் வெளி முனையிலிருந்து பின் ஃபுட்ரெஸ்ட் வரைக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலைத் தாண்டி வெளியே எது துருத்திக்கொண்டிருக்கிறதோ அது தரையில் அடி வாங்கப் போகிறது. கியர் லீவர் முனையா, சைலன்ஸரா, எஞ்சின் கவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கவர் துருத்தினால் அந்த லெக் கார்டு அலங்காரத்துக்குத்தான். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். முன் மட்கார்டு எங்காவது உரசுகிறதா, பிரேக் பெடலுக்குக் கால் தடையில்லாமல் போகிறதா என்பதும் முக்கியம். கொஞ்ச நாள் ஓட்டியதும் போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கிவிடுங்கள். எஞ்சின் அதிர்வில் தளர்ந்துவிடும்.

சொல்லவே தேவையில்லை, லெக் கார்டு நம் ஊரில் பல வேலை பார்க்கிறது. காய்கறிப் பை தொங்கும், மழைக்கோட்டு செருகியிருக்கும், பால்காரருக்குக் கேன் சாயாமல் நிற்க அண்டை கொடுக்கும். அதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. பைபாஸ் ரோட்டில் இரண்டு காலையும் தூக்கி அதன் மேல் போட்டுக்கொண்டு போவதில்தான் புகார். பின் பிரேக் பெடல் எங்கே, உங்கள் கால் எங்கே? நாய் குறுக்கே வந்தால் அந்த ஒரு அடி தூரத்தைக் காலால் கடப்பதற்குள் வண்டி எத்தனையோ மீட்டர் போயிருக்கும்.

ஸ்போர்ட்ஸ் வண்டி வைத்திருக்கும் தம்பிகளுக்கு லெக் கார்டு பிடிக்காது என்று தெரியும். அவர்களுக்கு ஃபிரேம் ஸ்லைடர் இருக்கிறது. எஞ்சின் மவுன்ட்டில் மாட்டும் கட்டை விரல் நீள நைலான் உருளை. இதன் யோசனையே வேறு. லெக் கார்டு வண்டியைத் தாங்கி நிறுத்தும். ஸ்லைடர் வண்டியை வழுக்கிப் போக விடும். ரேஸ் டிராக்கில் அதுதான் நல்லது, தார்த் தளமும் சரளைப் பரப்பும் தவிர வேறு எதுவும் குறுக்கே இல்லை. நம் சாலையில் வழுக்கிப் போகும் வண்டிக்கு எதிரே சென்டர் மீடியன் இருக்கும். நீளமான ஸ்லைடர் ஏதாவது பள்ளத்தில் சிக்கினால் வண்டி உருளவும் செய்யும், போல்ட் வளைந்து மவுன்ட்டைப் பிளக்கவும் செய்யும். வாங்கினால் குட்டையானதாக வாங்குங்கள்.

டிராக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹேண்டில் பார் முனையில் லீவருக்கு வெளியே வளைந்து நிற்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பார்த்திருப்பீர்கள். லீவர் கார்டு. பலரும் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். 2006இல் ஸ்பெயினின் கேட்டலூன்யா மோட்டோ ஜிபி பந்தயத்தில், புறப்பட்டு முதல் வளைவுக்குப் பாய்ந்த கூட்டத்தில், செட்டே ஹிபெர்னாவின் முன் பிரேக் லீவர் அவருடைய சொந்த அணியைச் சேர்ந்த லோரிஸ் கபிரோஸ்ஸியின் வண்டியில் பட்டது. முன் பிரேக் தானாகப் பிடித்து வண்டி குட்டிக்கரணம் அடிக்க, மற்றவர்களும் சேர்ந்து விழுந்து, பந்தயத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னாளில் அந்தப் பிளாஸ்டிக் துண்டு பந்தயங்களில் கட்டாயமானது. விழுந்த பிறகு காப்பாற்றும் பாகங்களுக்கு நடுவில், விழாமலே காப்பாற்றும் பாகம் இது. நம் தெரு நெரிசலில் வண்டிகள் உரசும் அழகுக்கு இங்கேயும் பயன்படும்.

விழாமலே காப்பாற்றும் இன்னொன்று உங்கள் வண்டியிலேயே இருக்கிறது, அதைத்தான் பலர் கழற்றச் சொல்கிறீர்கள். சேலை கார்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதியைப் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், அதோடு உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகியவை எல்லா மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும் என்கிறது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ ஸ்போக்கில் சுற்றினால் கழுத்து இறுகுவதற்கு ஒரு நொடி கூட ஆகாது. “அண்ணே, அந்தக் கம்பி அசிங்கமாக இருக்கு, எடுத்துடுங்க” என்று டெலிவரி அன்றே கழற்றிப் போட்டுவிட்டு, அதே வண்டியில் அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஷோரூமிலும் மறு பேச்சில்லாமல் கழற்றிக் கொடுக்கிறார்கள். இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைக்கவில்லை.

ஓட்டுபவரையே கூண்டுக்குள் வைத்துக் காப்பாற்றலாம் என்று ஒரு கம்பெனி நிஜமாகவே முயன்றது. 2000இல் பிஎம்டபிள்யூ ‘சி1’ என்று ஒரு ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தலைக்கு மேல் அலுமினியக் கூண்டு, முன்னால் நசுங்கிக் கொடுக்கும் பகுதி, இரண்டு சீட் பெல்ட். ஜெர்மனியில் அதை ஹெல்மெட் இல்லாமலே ஓட்ட அனுமதித்தார்கள், பிரிட்டன் ஒப்புக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுவிட்டது. நல்ல யோசனை, ஆனால் பார்க்க ஸ்கூட்டர் மாதிரியும் இல்லை, கார் மாதிரியும் இல்லை.

கூண்டு இல்லாத நமக்கு, காப்பு உடம்பின் மேல்தான் இருக்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர்; அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஆகவே, ஐயா, பேரனுக்கு வாங்க வேண்டிய வரிசையை நான் சொல்கிறேன். முதலில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு, ஒன்று அவனுக்கு, ஒன்று பின்னால் உட்காரும் நண்பனுக்கு. 2021 ஜூனிலிருந்து அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் ரோட்டோரத்தில் கிடைக்கிறது, ஏமாந்துவிடாதீர்கள். அடுத்து கணுக்காலை மூடும் ஷூ. லெக் கார்டு கணுக்காலைக் காக்கும் என்று ஹர்ட் அறிக்கை சொன்ன அந்த ஒரே லாபத்தைக்கூட நாம் ரப்பர் செருப்பில் கோட்டை விடுகிறோம். பிறகு கையுறை, ஏனென்றால் விழும்போது எல்லோரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். முடிந்தால் ஜாக்கெட், அதன் முதுகுக் காப்பில் லெவல் 1, லெவல் 2 என்று அச்சிட்டிருக்கும், 2 நல்லது. இவ்வளவும் வாங்கி மீதிப் பணம் இருந்தால் லெக் கார்டு. கனமானது வேண்டாம்.

வாங்கிய ஹெல்மெட்டை அந்த லெக் கார்டிலேயே மாட்டிக்கொண்டு அவன் ஊர் சுற்றாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அதற்கு என்னிடம் பாகம் எதுவும் இல்லை.

தனியாகப் பணம் கொடுத்து மாட்டிய எந்தப் பாகத்தையும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது தெரிவித்துவிடுங்கள். பாலிசியில் ஏறாத பொருளுக்கு கிளெய்ம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வளைந்துபோன லெக் கார்டு, தேய்ந்த ஸ்லைடர், உடைந்த லீவர் ஏதாவது வீட்டு மூலையில் கிடந்தால் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். என்ன வண்டி, ஏறக்குறைய என்ன வேகம், எந்தப் பக்கம் விழுந்தது, கம்பி எதைக் காப்பாற்றியது, எதைக் கோட்டை விட்டது என்று நாலு வரி எழுதினால் போதும். சேஸில் சேரும் இடத்தையும் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள், அது இல்லாமல் பயனில்லை. கம்பெனி பெயர் வேண்டாம். வந்தவற்றை நம் தொழில்நுட்பக் குழு பார்த்து, மார்கழி இதழில் படங்களோடு எழுதும்.

அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிடும். டயர் பட்டனைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டை டயரோடு மழையில் இறங்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்